ஒரு சாண் குறைந்த பெட்டி

ஐத் ஸூலா ஊரில் ஒரு சுவரைக் காட்டி, இது பாஸ்ஸூ கட்டியதா இல்லையா என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஈர மண்ணைப் பலகைப் பெட்டிக்குள் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து எழுப்புகிற சுவரில், பெட்டியைத் தாங்கிய குறுக்குக் கட்டைகளின் துளைகள் கடைசிவரை நிற்கும். மற்ற மேஸ்திரிகளின் துளைகள் ஏறியும் இறங்கியும் கிடக்கும். பாஸ்ஸூவின் துளைகள் நூல் பிடித்ததுபோல் வரிசையாகப் போகும். புறாக்கள்கூட அவன் சுவரில் ஒழுங்காக உட்காருகின்றன என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் பாஸ்ஸூ தொப்பியைச் சரிசெய்துகொள்வான்.

ம்கூன் ஆற்றங்கரையில் வீட்டை யாரும் முழத்தில் கேட்பதில்லை. பெட்டியில்தான் கேட்பார்கள். "மூணு பெட்டி நீளம், நாலு பெட்டி உயரம்" என்றால் மேஸ்திரிக்கும் புரியும், மாமியாருக்கும் புரியும். பெட்டி நான்கு முழ நீளம், இரண்டு முழ உயரம். கதவு இரண்டு பெட்டி உயரத்துக்கு மேல் போகாது. ஜன்னல் எங்கே வேண்டுமென்று அந்தச் சுற்றுக்குப் பெட்டி ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். சுவர் காய்ந்த பிறகு ஆசைப்பட்டுப் பயனில்லை. நீளத்துக்குப் பெட்டி முதலாளி என்றால் அகலத்துக்கு மரம் முதலாளி. ஆற்றங்கரை பாப்லர் மரம் வானத்துக்கு வளரும். ஆனால் கூரை மண்ணையும் அதன்மேல் விழுகிற பனியையும் தொய்யாமல் தாங்குவது ஐந்தரை முழம்வரைதான். அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்கில் அரண்மனை மாதிரி வீடு கட்டியவன் வீட்டிலும் அறை ஒல்லியாக, நீளமாக, ஒரு நல்ல ஓடை மாதிரிதான் இருக்கும்.

பாஸ்ஸூவின் பெட்டி அவனுடைய மாமாவுடையது. மாமா காசாபிளாங்காவுக்குப் போகும்போது இரண்டு தேவதாருப் பலகைகளையும் கயிற்றையும் திமிசுகளையும் இவனிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போது இவனுக்கு இருபத்து நான்கு வயது. தூதாவோடு நிச்சயம் ஆகியிருந்தது. தூதாவின் அப்பா வீட்டையும் மாமாதான் அதே பெட்டியால் கட்டியிருந்தார்.

"உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே மூணு பெட்டிக்கு ஒரு விருந்தறை. சரியா?" என்று பாஸ்ஸூ அவளிடம் சொல்லியிருந்தான்.

"சொன்னா போதாது. எழும்பணும்," என்றாள் தூதா.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது தன் முதல் சொந்தச் சுவரை எழுப்ப நின்றான். முந்திய நாள் மழை. மண்ணில் ஈரம் கூடுதல். கைப்பிடி மண்ணைப் பிடித்துக் கீழே போட்டால் உடைந்து சிதற வேண்டும். அன்றைக்குச் சப்பென்று அப்பிக்கொண்டது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். இருபத்து நான்கு வயதுக்காரன் பொறுப்பானா? ஓங்கி இடித்தான். ஈர மண் பக்கவாட்டில் தள்ளியதில் பலகையின் முனை பிளந்தது. பிளவு ஒரு சாண் ஓடி நின்றது. புதுத் தேவதாருப் பலகை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர ஒரு மாதமாகும். பாஸ்ஸூ சுற்றுமுற்றும் பார்த்தான். ரம்பத்தை எடுத்து இரண்டு பலகையிலும் ஒரு சாண் அறுத்து எறிந்தான். ஒரு சாண்தானே.

வீடு குறித்த நாளில் எழும்பியது. விருந்தறை சொன்னபடி மூன்று பெட்டி. தூதா அப்பா வீட்டு விருந்தறையை நூலால் அளந்து, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து நெய்த கம்பளத்தோடு வந்தாள். சிவப்பும் குங்கும மஞ்சளுமாகப் பன்னிரண்டு முழம். விரித்தபோது கம்பளம் சுவரில் ஒன்றரை முழம் ஏறி நின்றது.

பாஸ்ஸூவின் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "எண்ணத் தெரியாத பொண்ணக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்," என்றாள்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கல்யாணமாகி மூன்று நாள். முற்றத்தில் அவன் சுவரைத் தட்டிப் பார்த்துப் பாராட்டிக்கொண்டு பத்து ஆண்கள் நின்றிருந்தார்கள். தூதா முகம் சிவக்கக் கம்பளத்தின் முனையை ஒன்றரை முழம் மடித்துப் போட்டாள். அந்த மடிப்பு இருபத்தெட்டு வருடம் அப்படியே கிடந்தது. அம்மா போய்ச் சேரும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிவிட்டுத்தான் தேநீர் ஊற்றினாள்.

அந்த இருபத்தெட்டு வருடத்தில் பாஸ்ஸூ நாற்பதுக்கு மேல் வீடுகள் எழுப்பினான். வெள்ளம் வந்த வருடம் ஆற்றங்கரையில் எத்தனையோ சுவர்கள் கரைந்தன. அவன் சுவர் ஒன்றும் சாயவில்லை. "பாஸ்ஸூ கட்டுன அறை கதகதன்னு இருக்கும், குளிர் தங்காது" என்று பெண்கள் சொல்வார்கள். சின்ன அறை சீக்கிரம் சூடாகும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே அந்தச் சாண் மறந்துபோயிருந்தது. அளவுகோல்கூடப் பெட்டிக்குத் தக்கபடி வெட்டியதுதான். அது அவனுக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தது.

*

தூதா ரோஜாப் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவியான மறு வருடம், அறுபது பெண்களுக்கும் சேர்த்து ஒரு கட்டடம் வேண்டும் என்று முடிவாயிற்று. மே மாதம் பூ வந்து குவியும்போது அவரவர் வீட்டு மாடியில் காயப்போட்டால் வெயிலில் நிறம் செத்துப்போகிறது. நிழலும் காற்றும் வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இதழ் பிரிக்க இடம் வேண்டும்.

டவுனிலிருந்து மூலூத் என்ற கான்ட்ராக்டர் வந்து ஒரு படத்தை விரித்தான். இருபது முழத்துக்கு இருபது முழம், சதுர ஹால், சிமெண்ட் கூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

"நாப்பது நாள்ல சாவியக் கையில குடுக்கிறேன் அக்கா. மண்ணுல இந்த அகலம் கனவுலகூட வராது. வேணும்னா உங்க வீட்டுக்காரரையே கேட்டுப் பாருங்க."

பெண்கள் எல்லோரும் திரும்பி வாசலில் நின்ற பாஸ்ஸூவைப் பார்த்தார்கள். தூதா மட்டும் பார்க்கவில்லை. புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள் என்ற பேச்சு வந்தால் தலைவி பதவியை அன்றைக்கே கழற்றி வைக்க வேண்டியதுதான். அவள் குரலை உயர்த்திச் சொன்னாள்: "மேஸ்திரிக்கு ஏதாவது சொல்லணும்னா உள்ள வந்து சொல்லலாம். இல்லைனா வெள்ளிக்கிழமை கை தூக்கி முடிவு பண்ணிடுவோம்."

வீட்டில் 'நீங்க' என்கிறவள் சபையில் 'மேஸ்திரி' என்றது பாஸ்ஸூவுக்குக் குத்தியது. உள்ளே வந்தான். அவன் மூலூத்தின் படத்தைப் பார்க்கவில்லை; பெண்கள் உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தான். வழக்கம்போல எல்லோரும் சுவர் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காத பன்னிரண்டு பதின்மூன்று பேர் நடுவில், முதுகுக்கு ஒன்றுமில்லாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள்.

"ஈஸ்ஸா அக்கா," என்றான், நடுவில் மாட்டிக்கொண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அறுபது வயதுக்காரியிடம். "எவ்வளவு நேரம் அப்படி உக்காருவீங்க?"

"இவன் பேச்ச முடிக்கிற வரைக்கும்கூடத் தாங்காதுடா தம்பி. முதுகு விட்டுப்போச்சு."

"பூ பிரிக்கிற வேலை காலையில ஆரம்பிச்சா மதியம் தாண்டும். சதுர ஹாலு நாலு பக்கமும் சுத்தி வந்தா, கதவு ஜன்னல் போக, முப்பத்தஞ்சு பேருக்குச் சுவர் கெடைக்கும். மிச்சம் இருபத்தஞ்சு பேரு நடுவுல. யாரு யாருன்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க."

ஒருத்தி மட்டும் மெல்ல நகர்ந்து பக்கத்துச் சுவரில் தோளை ஒட்டினாள்.

பாஸ்ஸூ குனிந்து குச்சியால் மண்தரையில் கோடு கிழித்தான். "என் மரம் அஞ்சு முழ அகலம்தான் விடும். சரி. அஞ்சு முழ அகலத்துல பத்துப் பெட்டி நீளத்துக்கு ரெண்டு அறை. நடுவுல முற்றம். அவரு ஹாலுக்கு எவ்வளவு தரையோ எனக்கும் அவ்வளவுதான் தரை. ஆனா தரையில சாய முடியுமா? ஒரு பெட்டிச் சுவருக்கு ரெண்டு பேரு. பின்சுவர் ரெண்டுலயும் நாப்பது பேரு. முற்றத்துப் பக்கம், கதவும் ஜன்னலும் போக, அறைக்குப் பத்து. அறுபது. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் முதுகுக்குச் சுவர்."

ஈஸ்ஸா விரல் விட்டு எண்ணினாள். "அறுபது சரியாத்தான் வருது," என்றாள். பிறகு மூலூத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, உன் ஹாலுல முதுக எங்க வெக்கிறது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாற்பத்து நான்கு கைகள் மண் கட்டடத்துக்கு உயர்ந்தன. தூதா கை தூக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கூஸ்கூஸ் தட்டில் புருஷன் பக்கம் இறைச்சி கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

*

தூதா தன் அப்பா வீட்டுக்குப் போய், சுற்றுச்சுவரில் துளைக்குத் துளை பத்துப் பெட்டியைக் கம்பளிக் கயிற்றில் அளந்து, பெட்டிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வந்தாள். அந்தக் கயிற்றை வைத்துக் கட்டட இடத்தில் நான்கு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கம்பளி கட்டினாள். அதே பெட்டி கட்டிய சுவர்; சந்தேகப்பட என்ன இருக்கிறது? அடுத்த வாரம் பூச்சந்தை விஷயமாக அவள் டவுனுக்குப் போயிருந்தபோது பாஸ்ஸூ வேலையைத் தொடங்கினான். மேற்கு முளையிலிருந்து தன் கோலால் பத்துப் பெட்டி அளந்து கல் அடித்தளம் போட்டான். கிழக்குப் பக்கத்தில் தோண்டிய மண் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. கிழக்கு முளை அதன் அடியில்.

சுவர் சுற்றுச் சுற்றாக ஏறியது. பெட்டிக்குள் மூன்று பேர் நின்று பாட்டுக்குத் திமிசு போட்டார்கள். பெண்கள் கூடையில் மண்ணும் குடத்தில் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். மூலைக்கு மூலை, கீழ்ச் சுற்றின் மூட்டு மேல் சுற்றில் விழாமல் மாற்றி மாற்றிப் பூட்டினான். ஒரு சுற்று முடிந்தால் நான்கு நாள் காய விட்டு அடுத்தது. மூன்று சுற்று முடிந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் துளை வரிசையைப் பார்த்தே கைதட்டினார்கள்.

நான்காம் சுற்றில் கிழக்குக் குவியல் பாதியாகக் குறைந்தது. சுவருக்குள் போன மண் அவ்வளவு. பாஸ்ஸூ கூடைக்காக அங்கே போனபோது காலடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்தான். கம்பளி நூல். முளை.

முளைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு என்று அளக்க அவனுக்குக் கோல் தேவைப்படவில்லை. பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஒரு சாண். ஐந்து முழம்.

காலால் மண்ணைத் தள்ளி முளையை மூடினான்.

"ஹம்மூ! இனிமே மண்ண மேற்குப் பக்கத்துலேருந்து எடு."

திமிசு போடுகிற ஹம்மூ மேலிருந்து எட்டிப் பார்த்தான். "ஏன் மேஸ்திரி? இங்க கைக்குப் பக்கத்துலயே கெடக்கே?"

"சொன்னதச் செய்யேன்டா."

இரண்டு நாள் அப்படியே போயிற்று. கணக்கு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளுக்கு இரண்டு முழம் என்றால் பின்சுவர் ஒவ்வொன்றிலும் மூன்று பேர் போச்சு. முற்றத்துப் பக்கம் அறைக்கு இரண்டு பேர் போச்சு. மொத்தம் பத்துப் பேருக்குச் சுவர் இல்லை. எல்லோரையும் கொஞ்சம் நெருக்கி உட்கார வைக்கலாம் என்றால் மடிக்கு முன்னால் கூடை எங்கே போகும்? ஒருத்தர்கூடப் பாக்கியில்லை என்று அவன்தான் சபையில் நின்று சொன்னான்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். வாற்கோதுமை ரொட்டியும் எண்ணெயும் வைத்துவிட்டுத் தூதா விருந்தறைக் கம்பளத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு ஒரு பேர். எந்தச் சுவரில் எவள், யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் சண்டை வராது என்ற கணக்கு. ஒவ்வொரு பேருக்கும் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"எத்தனை தடவை எண்ணுவ?" என்றான் பாஸ்ஸூ.

"இதோட நாலாவது." அவள் நிமிரவில்லை. "இந்தத் தடவை தப்பு வரக் கூடாது. அப்புறம் கம்பளத்துக்குப் பண்ணேனே, அது மாதிரி ஊர் சிரிச்சிடும்."

பாஸ்ஸூ ரொட்டியைக் கீழே வைத்தான். அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருபத்தெட்டு வருடமாக அவள் உப்பை அளந்தாலும் இரண்டு தடவை அளப்பதை, கோழிக்குஞ்சுகளை மூன்று தடவை எண்ணுவதைப் பார்த்திருக்கிறான். பழக்கம் என்று நினைத்திருந்தான்.

"நீ தப்பு பண்ணல," என்றான்.

"எதுல?"

"கம்பளத்துல. பன்னெண்டு முழம்கிறது சரியான அளவு. என் பெட்டிதான் குறை. ஒரு சாண்."

தூதா நோட்டை மூடினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: ஈர மண், பிளந்த பலகை, ரம்பம், கிழக்கு முளை. சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போய்க் கம்பளத்தின் மடிப்பைப் பிரித்தாள். மடிப்புக்குள் நிறம் மங்காமல் நேற்று நெய்தது மாதிரி இருந்தது. முனை சுவரில் ஏறி நின்றது.

"உங்கம்மா போற வரைக்கும் இதக் காட்டிக் காட்டி..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க?"

பாஸ்ஸூ தலை குனிந்திருந்தான்.

"என் கையில எண்ணுற விரல் இல்லைன்னு நானே நம்பிட்டேனே. அந்தப் பொம்பளை சொன்னதக்கூட விடுங்க. நானே நம்பிட்டேன்." அவள் சால்வையை எடுத்துத் தலையில் போட்டாள். "எந்திரிங்க. எங்க அந்த முளை, காட்டுங்க."

*

வேலை நடக்கிற இடத்தில் மதிய இடைவேளை. போன குளிர்காலத்தில் வெட்டிக் காய்ந்த பாப்லர் மரங்கள், ஐந்தரை முழம் ஐந்தரை முழமாக, தரை ஈரம் படாமல் இருக்கட்டும் என்று கிழக்குப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு முனை புதுச் சுவரின்மேல், மறு முனை சரிந்த மண்குவியலின்மேல். அவற்றின் அடியில் கோடுகோடாக நிழல். தண்ணீர் தூக்குகிற பெண்கள் அந்த நிழலில் சுவரின் வெளிப்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, அத்திப்பழமும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். ஆற்றுக் காற்று அவர்களுடைய சால்வைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

தூதா சண்டை போடுகிற வேகத்தில்தான் வந்தாள். "மேற்கொண்டு ஒன்றரைப் பெட்டி ஒட்டுப் போட்டா என்ன?"

"மூலை பூட்டியாச்சு. பக்கத்துல ஒட்டுனா நேர்மூட்டு விழும். முதல் மழைக்கு அதுக்குள்ள கை நுழையும். ஒட்டுப்போட்ட சுவர்ல என் துளை இருக்காது தூதா. அதுக்கு நாலு சுற்றையும் இடிச்சுட்டு முதல்லேருந்து எழுப்புறேன். மண்ணு வீணாப் போகாது. ஆனா உறைபனிக்கு முன்னாடி கூரை ஏறாது. மே மாசப் பூவுக்குக் கட்டடம் இருக்காது."

"அப்போ இந்த அஞ்சு முழத்த என்ன பண்றது? கழுதை கட்டவா?"

அவன் அவள் கையை நீட்டிய திசையில் பார்த்தான். அவளும் பார்த்தாள். உட்கார்ந்திருந்த பெண்களை அவள் உதடு எண்ண ஆரம்பித்தது, பழக்கம். ஒன்பது பேர். இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தது.

"அந்தச் சுவர் எவ்வளவு நீளம்?" என்றாள்.

"ரெண்டு அறை அகலம், முற்றத்தோட முனைச் சுவர், தடிமன் எல்லாம் சேத்து... இருபத்திரண்டு முழம்."

"பதினொண்ணு." இந்தத் தடவை அவள் ஒரே தடவைதான் எண்ணினாள். "உங்க மரம் எவ்வளவு தாங்கும்?"

பாஸ்ஸூ சாய்த்து வைத்திருந்த மரங்களைப் பார்த்தான். மரம் தாங்குவது ஐந்தரை. மிச்சமான இடம் ஐந்து. மரத்தின் ஒரு முனை சுவரில் உட்காரும். மறு முனைக்குச் சுவரே வேண்டாம். முளை இருக்கிற கோட்டில் சுடாத பச்சைச் செங்கல் தூண்கள் போதும். சுவர் இல்லாத பக்கம் முழுக்கக் காற்று. பூ காய வெயில் வேண்டாம், காற்றுதான் வேண்டும். அறைக்குள் இவ்வளவு காற்றை எந்த ஜன்னல் கொடுக்கும்?

"தாழ்வாரம்," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. பிறகு சத்தமாக, "ஹம்மூ! மரத்துல கை வெக்காத! இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்!" என்று கத்தினான்.

"அதுக்கு முன்னாடி," என்றாள் தூதா, "ஒரு வேலை பாக்கி இருக்கு. என்கிட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லணும். பெட்டியையும் கொண்டு வாங்க."

சாயங்காலம் அறுபது பெண்களும் கூரை ஏறாத சுவர்களுக்கு நடுவே முற்றத்தில் நின்றார்கள். பாஸ்ஸூ பலகையை நடுவில் போட்டு அதன்மேல் தூதாவின் கம்பளிக் கயிற்றை நீட்டினான். முடிச்சு பலகையைத் தாண்டி ஒரு சாண் வெளியே கிடந்தது. அறுத்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். மறைக்காமல் சொன்னான். கம்பளத்தையும் சொன்னான்.

ஈஸ்ஸா முன்னால் வந்தாள்.

"டேய் பாஸ்ஸூ. என் வீடும் இந்தப் பெட்டியிலதானே கட்டுன?"

"ஆமா அக்கா."

"அதான் என் மாடு வால வெளிய விட்டுக்கிட்டு நிக்குதா? பதினஞ்சு வருஷமா மாடு பெருசுன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கேன்டா!"

முற்றம் சிரிப்பில் குலுங்கியது. உடனே ஆளுக்கு ஒன்று கிளம்பியது. "எங்க மாமனார் காலு கதவுல இடிக்கும்." "என் பொண்ணு கல்யாணத்துல நாலு பேரு வெளிய நின்னாங்களே, அது இவன் வேலை!" பாஸ்ஸூ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

ஈஸ்ஸாதான் கையைத் தூக்கி அடக்கினாள். "வெள்ளத்துல என் வீடு நின்னுச்சு. நீளம் குறைஞ்சாலும் நின்னுச்சு. அத மறந்துட்டுப் பேசக் கூடாது." பிறகு தூதாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா தலைவி, உன் மாமியார் எனக்கும் அந்த மடிப்பக் காட்டியிருக்கா. நானும் சிரிச்சேன், தப்புதான். அந்தச் சிரிப்பத் திருப்பி வாங்கிக்கோ."

தூதா வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி, தாழ்வாரத்துக்குக் கை தூக்குங்க," என்றாள். இந்தத் தடவை அவளும் தூக்கினாள்.

*

உறைபனிக்கு ஒன்பது நாள் முன்பு கூரைக்கு நாணல் பரப்பி மண் போட்டு முடித்தார்கள். தாழ்வாரத்துத் தூண்களுக்குப் பெட்டி உதவாது. ஆறு தூண்களையும் பாஸ்ஸூ பச்சைச் செங்கலில் தன் கையாலேயே வைத்தான். ஒவ்வொன்றின் தலையிலும் செங்கலைக் குறுக்கே திருப்பி ஒரு கோலம் மாதிரி விட்டான். அதுவரை அவன் கட்டியதில் எதிலும் அலங்காரம் வைத்ததில்லை. பெட்டி அதற்கு இடம் கொடுக்காது, செங்கல் கொடுத்தது.

மே மாதம் பூ வந்தது. விடியலில் பறித்த கூடைகள் முற்றத்தில் இறங்கியதும் பெண்கள் அறைகளுக்குள் போகவில்லை. நேராகத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். சுவருக்கு முதுகு, முகத்துக்கு ஆற்றுக் காற்று, நாணல் தட்டுகளில் இதழ்கள் நிறம் மாறாமல் காய்ந்துகொண்டிருந்தன. பதினொரு இடத்துக்கு இருபத்தாறு பேர் சண்டை. கடைசியில் தூதா நோட்டை எடுத்து முறை போட வேண்டியதாயிற்று. ஈஸ்ஸா மட்டும் முறைக்குக் கட்டுப்படவில்லை.

"அறுபது பேருக்குன்னு கட்டுனான், அறுபத்தொண்ணு வந்துருக்கு. அந்த மிச்ச இடம் டீ ஊத்துறவளுக்கு. நான்தான் டீ ஊத்துறவ," என்று கெட்டிலோடு ஒரு தூணுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாளே தூதா கம்பளத்தைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். தாழ்வாரத்தில் அதை உருட்டிவிட்டபோது பன்னிரண்டு முழமும் தரையில் படிந்து கிடந்தது. மடிப்பு இருந்த ஒன்றரை முழம் மட்டும் மற்றதைவிடச் சிவப்பாக இருந்தது. அதன்மேல்தான் முதல் நாள் அவள் உட்கார்ந்தாள்.

பூக்காலம் முடிவதற்குள் கீழ்க்கரை ஊரிலிருந்து ஒரு மேஸ்திரி நான்கு பேரோடு வந்தார். தாழ்வாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், தூணைத் தட்டினார், மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அறையைச் சுருக்கி இப்படி ஒரு பக்கத்தைத் திறந்துவிட எப்படித் தோன்றியது என்று கேட்டார். பாஸ்ஸூ அறுத்த பலகையைக் காட்டி நடந்ததைச் சொன்னான். புதுப் பலகை வாங்கலாமே என்று ஹம்மூ எத்தனையோ தடவை சொல்லியும் அவன் வாங்கவில்லை. அறுத்த முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் குறை என்பதற்கு அடையாளமாக, ஆணியால் ஒரு ஆழமான கோடு மட்டும் கீறி வைத்திருந்தான். வேலைக்கு வருகிறவனிடம் முதலில் அதைத்தான் காட்டுவான்.

கீழ்க்கரை மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "எங்க ஊருலயும் இதே மாதிரி ஒண்ணு கேக்கிறாங்க. அளவு மட்டும் சொல்லிட்டுப் போங்க, பாஸ்ஸூ. சுவர் எவ்வளவு, தூணுக்குத் தூண் எவ்வளவு?"

முற்றம் நிறைய பெண்கள். ஆண்கள் ஐந்தாறு பேர் வாசலில். பாஸ்ஸூ தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"அளவெல்லாம் தூதாவக் கேளுங்க," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த ஊருல எண்ணுறதுல தப்பே பண்ணாத ஆளு அவ ஒருத்திதான்."

தூதா கையிலிருந்த பூவை நிறுத்தாமல் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அறை முப்பத்தஞ்சு முழம். தாழ்வாரம் அஞ்சுக்கு இருபத்திரண்டு. தூணுக்குத் தூண் நாலு முழம், சாண் குறையாம." ஒரு இதழை ஊதித் தட்டில் போட்டாள். "எழுதிக்கோங்க. ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."